கொசப்பேட்டை வீடு: இடிக்காமல் விட்ட முன்கட்டு

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். வேலூர் கொசப்பேட்டைப் பக்கம் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது, அம்மா மட்டும் அதில் தனியாக இருக்கிறார், மொத்தமாக இடித்துவிட்டுத் தரைத்தளமும் மேலே இரண்டு தளமும் கட்ட வேண்டும் என்றார். மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுவது திட்டம். அடுத்த வாக்கியமே, "சதுர அடிக்கு என்ன ரேட் சார்?"

எங்கள் தொழிலில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பல வருடம் நானும் உடனே ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. முதலில் வீட்டைப் பார்க்கிறேன், பார்ப்பதற்குத் தனியாக 15,000 ரூபாய், இரண்டு வாரம் ஆகும், இடிப்பதுதான் சரி என்று தெரிந்தால் அதையும் எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். "பார்க்கறதுக்கே காசா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஊரில் பலர் பிளானையே இலவசமாகப் போட்டுத் தருகிறார்கள்.

அந்த இலவச பிளானில்தான் சிக்கலே இருக்கிறது. பிளான் போடுகிறவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? கட்டும் சதுர அடியிலிருந்து. அப்படியானால் எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் அவர் வாயில் "இடிச்சுடலாம்" என்றுதான் வரும். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கண் அப்படிப் பழகிவிடுகிறது. எனக்கும் பழகியிருந்தது. பார்ப்பதற்குத் தனிக் கூலி வாங்க ஆரம்பித்த பிறகுதான் பழைய வீடுகள் என் கண்ணுக்கு வீடாகத் தெரிய ஆரம்பித்தன. இந்த வீட்டின் கதையை முழுவதுமாக எழுதுவது அதற்காகத்தான்.

இந்தத் தொழிலுக்கு வந்த வழி

பாலிடெக்னிக்கில் மூன்று வருட சிவில் டிப்ளமோ. அப்புறம் வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் ஒப்பந்ததாரரிடம் சைட் வேலை. கம்பி எண்ணுவது, சிமென்ட் மூட்டைக் கணக்கு எழுதுவது, கான்கிரீட் போடும் நாளில் காலை நாலு மணிக்கே ஆள் சேர்ப்பது. பிறகு சென்னையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நாலு வருடம். 2011இல் வேலூர் திரும்பித் தனியாகத் தொடங்கினேன்.

நிறைய பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று, பி.ஆர்க் படிக்காமல் வீடு வடிவமைக்கலாமா என்பது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஐந்து வருட பி.ஆர்க் போல அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தடை பட்டப்பெயருக்குத்தான், வேலைக்கு இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என் பலகையில் 'வீட்டு வடிவமைப்பு, புதுப்பிப்பு' என்றுதான் இருக்கும். தூண், பீம், அஸ்திவாரக் கணக்குக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வைத்துக்கொள்வேன். அதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

படிப்பு கற்றுத்தராத ஒன்றை எனக்குக் காட்பாடியில் ஒரு வீடு கற்றுத்தந்தது. 2013இல் அங்கே ஒரு பழைய செங்கல் வீட்டில் கூடத்துச் சுவரில் ஓதம், அதாவது மண்ணிலிருந்து வரும் ஈரம், ஏறியிருந்தது. பழைய பூச்சைக் கொத்தி, வாட்டர்ப்ரூஃப் கலந்து சிமென்ட் பூசி, மேலே நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. அடுத்த ஆண்டு மார்கழியில் அந்த வீட்டம்மா கூப்பிட்டார்கள். சுவரின் அந்தப் பக்கம் பூஜை அறை. சாமி படங்களுக்குப் பின்னால் சுவர் ஈரமாகி, படத்துக்குள்ளேயே கறை ஏறியிருந்தது. என் காசில் பூஜை அறைச் சுவரைச் சரி செய்தேன். அடுத்த ஆண்டு ஈரம் இன்னும் ஓரடி மேலே வந்தது. அந்த வீட்டுக்கு நான் செய்தது தப்பு என்று புரிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

வீடு

தெருவைப் பார்த்த வாசல் கிழக்கு. அகலம் 18 அடி, நீளம் 72 அடி, மொத்தம் மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பின்னால் ஒரு சந்து. முன்னால் திண்ணை, ரேழி, கூடம், ஓர் அறை, முற்றம், பிறகு பின்கட்டு. முன்கட்டின் 40 அடிக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு மூடியிருந்தார்கள். பின்கட்டு 1994இல் கட்டிய கான்கிரீட் அறைகள்.

மெட்ராஸ் டெரஸ் பார்க்காதவர்களுக்காக: தேக்கு உத்திரத்தின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்கோட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு எனும் தட்டையான ஓடு. வேலூர் வெயிலுக்கு அந்தக் கனம் நல்ல குடை. இங்கே மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுவது செய்தியே இல்லை. பதினோரு மணி வெயிலில் வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் உடம்பு தானாக அடங்கும்.

மகன் சொன்ன குறைகள் மூன்று: சுவர் முழுக்க ஓதம், மேலே ஒழுகல், வெயில் காலத்தில் இருக்க முடியவில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் பழைய வீடு இல்லை.

இரண்டு வாரத்தில் பார்த்தது

வேலூரில் எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதலில் கோட்டையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்த வீட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சரி, அடுத்தது.

நாலு தெர்மாமீட்டர் வாங்கி நாலு இடத்தில் மாட்டினேன். ஏப்ரல் வெயில் வருமுன்பே கூடத்துக்கும் பின்கட்டுக் கான்கிரீட் அறைக்கும் மதியம் மூன்று மணிக்கு நாலு பாகை வித்தியாசம். இரவு ஒன்பது மணிக்கும் அந்த வித்தியாசம் குறையவில்லை. பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்கக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அம்மா படுப்பது எங்கே? அந்தக் கான்கிரீட் அறையில்தான். "அதுதான் புது ரூமு தம்பி, பையன் ஃபேன் போட்டுக் குடுத்தான்" என்றார்கள். மேற்குச் சுவர் முழுக்கச் சாயங்கால வெயில். முற்றத்தைத் தகரம் மூடியதால் சூடான காற்று வெளியே போக வழியும் இல்லை.

ஓதத்துக்கு வருவோம். கூடத்துச் சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் முழங்கால் உயரத்துக்குள் காற்றில் காய்ந்து போயிருக்கிறது. 1994இல் ஓதத்தை அடைக்கிறோம் என்று நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். ஈரத்துக்கு வெளியே வர இடமில்லாமல் நாலடியைத் தாண்டி மேலே போய் ஆறடியில் எட்டிப் பார்த்தது. காட்பாடியில் நான் செய்த அதே வேலை. அந்த ஈரக்கோட்டை ஒரு பென்சிலால் சுவர் நீளத்துக்கும் வரைந்து தேதி போட்டு வைத்தேன்.

மேல் தளத்தில் முதலில் தேக்கைப் பார்த்தேன். சட்டத்தின் நடுப்பகுதியைப் பார்த்து நல்ல மரம் என்று சொல்லிவிடக் கூடாது. சுவருக்குள் போகும் அரையடிதான் உயிர்நிலை. ஏணி போட்டு ஒவ்வொரு முனையிலும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பார்த்தேன். நல்ல தேக்கில் நுனி நிற்கும், மேல் கீறல்தான் விழும். வடக்குச் சுவர் ஓரம் நாலு சட்டங்களில் நுனி ஈரமண்ணில் இறங்குவதுபோல் இரண்டு அங்குலம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது காப்பித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற 27 சட்டங்களும் இரும்புபோல் கெட்டி. மாடி ஏறிப் பார்த்தால் அந்த நாலுக்கும் நேர் மேலே கைப்பிடிச் சுவரில் மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்திருந்தது. பழைய தட்டோட்டின் மேலேயே சிமென்ட் கலவை போட்டு மெழுகியதில் தண்ணீர் ஓடும் வாட்டம் (சரிவு) போய், தண்ணீர் அந்த மூலையில் வருடக்கணக்கில் நின்றிருக்கிறது.

விரிசல்கள் ஏழு. பழைய கட்டும் 1994 கட்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒன்று, ஆள்காட்டி விரல் நுழையும் அளவு. மகனுக்கு அதைப் பார்த்துத்தான் பயம். பயத்துக்கும் காரணம் இருந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில், 19ஆம் தேதி, பேரணாம்பட்டில் வீடு இடிந்து நாலு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே 3.6 அளவில் ஒரு நில அதிர்வு. அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் விரிசலைக் காட்டத்தான் கூப்பிட்டார்கள். விரிசலைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதிவிடுவேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இங்கே ஏழில் ஒன்றுதான் உடைந்தது, அந்தச் சேருமிடத்தில் இருந்தது. பழைய கட்டு ஆழத்தில் நிற்கிறது, பின்கட்டுக்கு அஸ்திவாரம் இரண்டடிதான். பின்கட்டு தாழ்ந்துகொண்டே முன்கட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

ஆக, நல்லது என்று நம்பிய பாதிதான் கெட்ட பாதி.

சமையலறையில் ஒரு காலை

இதெல்லாம் கருவி வைத்துப் பார்ப்பது. அதைவிட எனக்கு முக்கியமானது, அந்த வீட்டில் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. அனுமதி கேட்டு ஒரு காலை ஐந்தரை மணிக்குப் போய், சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்கு முதலில் சங்கோஜமாக இருந்தது. காபி கொடுத்த பிறகு என்னை மறந்துவிட்டார்கள்.

அவருக்கு 74 வயது, உயரம் நாலு அடி பத்து அங்குலம். மேடை 34 அங்குலம். அடுப்பில் பால் வைக்கும்போது காலால் ஒரு மணையை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார்கள். குழாய்க்குப் போகும்போது இறங்கினார்கள். திரும்ப வந்து ஏறினார்கள். இரண்டு மணி நேரத்தில் நான் எண்ணியது 43 தடவை. மணையின் ஒரு கால் தேய்ந்து ஆடியது. "விழுந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். "ஒரு தடவைதான். பையன்கிட்ட சொல்லிடாதப்பா" என்றார்கள்.

மகனோடு போனில் பேசிய ஒரு மணி நேரத்தில் அந்த மணை ஒரு தடவைகூட வரவில்லை. மாடுலர் கிச்சன் வந்தது, கலர் வந்தது, சிம்னி வந்தது. மகளும் உள்ளூர்தான், நர்ஸ் வேலை. அவருக்கும் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான். ஒருவருக்கென்று வடிவமைக்கும் வீடு என்றால் அது அவர் கேட்டதைக் கட்டுவது என்று நினைக்கிறோம். கேட்கத் தோன்றாதது அதைவிட அதிகம். மேடை உயரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதிலிருந்து ஐந்தாறு அங்குலம் கீழே. அவருக்கு அது 30 அங்குலம்.

முடிவு

பதினாறு பக்க அறிக்கை கொடுத்தேன். முன்கட்டை வைத்துக்கொள்ளுங்கள், பின்கட்டை முழுசாக எடுத்துவிடுங்கள், முற்றத்தைத் திறந்துவிடுங்கள். மூன்று தளத் திட்டத்துக்கு அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த ரேட்டில் ஏறக்குறைய 72 லட்சம். என் மதிப்பீடு 25 லட்சம்.

மகனுக்கு அரைமனசு. வாடகை வருமானம் குறையுமே என்றார். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். கடைப் பலகைகளில் வங்க எழுத்தைப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்கு அனுமதி வாங்கி லாட்ஜ் நடத்த முடியாது. தவிர, 74 வயது அம்மா தலைக்கு மேலே தினம் மாறும் ஆறு அறை ஆட்களோடு தனியாக இருப்பதை யோசித்துப் பாருங்கள் என்றேன். பின்கட்டின் தரைத்தளத்தில் ஒரே ஒரு சின்ன வீடு, ஓர் அறை, சமையலுக்கு இடம், குளியலறை. ஒரு குடும்பத்துக்கு மட்டும். வாசல் பின் சந்தில். மேலே மகன் வந்தால் தங்க ஓர் அறை. மகள்தான் இதற்குச் சரி என்றார். அம்மாவைக் கேட்டோம். "முற்றம் திறந்துடுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

வேலை

2023 ஏப்ரலில் தொடங்கினோம். முதல் வேலை இடிப்பது இல்லை, பக்கத்து வீடுகளுக்குப் போனது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சுவர்களில் ஏற்கெனவே இருந்த ஒவ்வொரு விரிசலையும் படம் எடுத்தோம். பக்கத்தில் அளவுகோல், அன்றைய செய்தித்தாள். படங்களின் பிரதி அவர்களிடமும் ஒன்று. இதைச் செய்யாமல் பொதுச்சுவர் வீட்டில் கடப்பாரையை எடுக்கக் கூடாது. ஜூலையில் தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் விரிசல் வந்துவிட்டது என்று கோபமாக வந்தார். படத்தை எடுத்துப் பார்த்தோம். ஒன்று பழையது. இன்னொன்று நிஜமாகவே புதியது, நாங்கள் தளத்தை வெட்டியபோது வந்தது. அதை நாங்களே சரி செய்து கொடுத்தோம். பேச்சு அத்தோடு முடிந்தது.

கூடத்தில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். கீழே செங்கல் கருத்து, தொட்டால் விரலில் ஈரம். நாலு மாதம் அப்படியே திறந்து போட்டேன். பெங்களூரிலிருந்து வாரம் ஒரு தடவை போன் வரும், வேலை நடக்கவில்லையா என்று. சுவர் காய்வதும் வேலைதான் என்று விளக்கிச் சொல்ல எனக்குச் சொற்கள் பற்றவில்லை. வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. வாரம் ஒரு தடவை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி எடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும்.

சுண்ணாம்பு வேலைக்கு அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மேஸ்திரி கிடைத்தார், எழுபதை நெருங்கியவர். வந்ததும் உள்ளங்கையைச் செங்கல்மேல் வைத்துச் சற்று நேரம் நின்றார். "சிமெண்ட்ட பூசிட்டா தண்ணி எங்க போவும்னு நெனச்சாங்க? மேலதான் போவும்" என்றார். எனக்கு மூன்று வருடம் ஆன பாடம் அது. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் தண்ணீருக்கு அடியில் மூன்று வாரம் ஊறவிட்டார். தினம் காலையில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டிப் பார்ப்பார். கரண்டியைக் கவிழ்த்தால் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற அன்றுதான் மணல் சேர்க்கச் சொன்னார், ஒன்றுக்கு மூன்று. கடுக்காய்த் தண்ணீர் தனியாக ஊறியது, வெல்லம் அவர் கையளவு. அவரோடு இரண்டு இளம் கொத்தனார்களை வேண்டுமென்றே சேர்த்துவிட்டேன். ஒருவன் பத்து நாளில் ஓடிவிட்டான். இன்னொருவன் இப்போது தனியாகச் சுண்ணாம்பு பூசுகிறான், நாள் கூலி மற்றவர்களைவிட அதிகம் வாங்குகிறான்.

அழுகிய நாலு சட்டங்களையும் முழுசாக மாற்றவில்லை. கீழே முட்டுக்கொடுத்து, கெட்ட முனையை வெட்டிவிட்டு, அதே கனத்தில் பழைய தேக்குத் துண்டைச் சேர்த்து, இரண்டு பக்கமும் பட்டி வைத்து போல்ட் முடுக்கினோம். மாடியில் சிமென்ட் மெழுகலை எடுத்துவிட்டு, பத்தடிக்கு மூன்று அங்குலம் வாட்டம் கொடுத்து மறுபடியும் சுண்ணாம்புத் தளம், மேலே இரண்டு வரிசை தட்டோடு.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்று உண்டு. ஜூன் மூன்றாம் வாரம் வடக்கு மூலையைத் திறந்து வைத்திருந்தோம். வானம் தெளிவாக இருக்கிறதே என்று தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டுப் போகச் சொன்னது நான்தான். ராத்திரி பதினோரு மணிக்கு இடி மின்னலோடு கொட்டியது. நான் போய்ச் சேர்வதற்குள் அம்மாவும் மகளும் குடத்தையும் அண்டாவையும் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். காயவிட்ட சுவரில் பத்தடி நீளம் திரும்ப நனைந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் பூச்சு இரண்டு மாதம் தள்ளிப்போனது. வேலூரில் ஆனி, ஆடி மாதச் சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்குப் பிறகு திறந்த கூரை இருக்கும் எந்த சைட்டிலும் ஐந்து மணிக்குத் தார்ப்பாய் கட்டிய படம் என் போனுக்கு வர வேண்டும்.

பின்கட்டின் புதுத் தூண்களுக்கு ஐந்தடியில் கெட்டி முறம்பு (சரளை மண்) கிடைத்தது. முன்கட்டுச் சுவரை ஒட்டி ஒரேயடியாகப் பள்ளம் எடுத்தால் பழைய சுவரின் கால் வெளியே தெரிந்துவிடும். நாலு அடி நாலு அடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கட்டினோம். புதுக் கட்டையும் பழைய கட்டையும் ஒட்டவே இல்லை. இடையில் ஓர் அங்குல இடைவெளி, மேலே தகடு மூடி. அது தாழ்ந்தாலும் இது இழுபடாது.

மேற்கு வெயிலுக்கு வேறு சுவர் தேடவில்லை. மாடிப்படியையும் குளியலறையையும் மேற்குப் பக்கம் தள்ளிவிட்டேன், அவை வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். படுக்கும் அறை முற்றத்தைப் பார்த்து.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ஒரு சாய்தளம். வாடகைக்கு வருவது நோயாளி இருக்கும் குடும்பம். சக்கர நாற்காலி சந்திலிருந்து உள்ளே வர வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரியான சாய்வு. பழைய தரை சந்திலிருந்து பதினைந்து அங்குலம், அப்படியானால் பதினைந்து அடி சாய்தளம், எனக்குக் கிடைத்த இடம் ஒன்பது அடி. தரையை ஒன்பது அங்குலத்துக்கு இறக்கினால் கணக்கு சரியாகும். ஆனால் மழைத்தண்ணீர்? சந்தில் ஆறு வீட்டில் கேட்டேன், 2021 மழையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று. எல்லாரும் கையைக் கணுக்காலில் வைத்துக் காட்டினார்கள். ஒன்பது அங்குலம் போதும் என்று முடிவு செய்து, வாசலுக்கு முன்னால் கம்பி மூடி போட்ட ஒரு வாய்க்காலும் எடுத்தேன். கதவு மூன்றடி அகலம், குளியலறைக்குப் படியே கிடையாது, கழிப்பறை ஓரம் கைப்பிடிக் கம்பி. கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று நர்ஸ் மகள் தானே உட்கார்ந்து எழுந்து காட்டினார்.

முற்றத்துக்கு மேலே கம்பி வலை மட்டும். மழைத்தண்ணீர் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கு. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமானது. இந்தக் கிணற்றை அப்போது மூடிப் போட்டிருந்தார்கள், நாங்கள் தூர் வாரித் திறந்தோம்.

மாநகராட்சியில் பின்கட்டுக்கு முறைப்படி அனுமதி வாங்கித்தான் கட்டினோம். இப்போது கட்டுகிறவர்களுக்கு வழி சுலபம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டினால் சுயசான்று முறையிலேயே அனுமதி பெறலாம் என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது.

கணக்கு

மொத்தம் 28.5 லட்சம் ஆனது. பின்கட்டு இரண்டு தளமும் சேர்த்து 792 சதுர அடி, அதற்கு 19 லட்சம். முன்கட்டும் முற்றமும் ஒன்பதரை லட்சம். மதிப்பீட்டைவிட மூன்றரை லட்சம் கூடியதில் பாதி பொதுச்சுவரின் அடிக்கட்டை பலப்படுத்தியதற்கு, மீதி சுண்ணாம்பு வேலைக்கும் அந்த ஜூன் மழைக்கும். மழையில் போன பகுதிக்கான கூலியை நான் ஏற்றுக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது, மூன்று தளம் கட்டியிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதில் பாதிகூட இருக்காது. நேரமோ பத்து மாதம். இந்த மாதிரி வேலை வருடத்துக்கு இரண்டுக்கு மேல் என்னால் எடுக்க முடியாது. மீதி மாதங்களைப் புது வீடுகள்தான் ஓட்டுகின்றன. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம்

2024 தை மாதம் பால் காய்ச்சினார்கள். அம்மா இப்போது கூடத்து அறையில் படுக்கிறார்கள். மேடை 30 அங்குலம். மகனுக்கும் மகளுக்கும் அது தாழ்வு, குனிந்துதான் தோசை வார்க்கிறார்கள். அதை மாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதலில் வாடகைக்கு வந்தது கொல்கத்தாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி, கணவருக்குச் சிகிச்சை. அந்த அம்மா கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார். புகைபோக்கியைச் சந்துப் பக்கம் வைத்திருந்தும் காற்று திரும்பினால் வாசனை முற்றத்துக்கு வந்தது. சைவச் சமையல் வீடு. குழாயை மூன்றடி உயர்த்திக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு அம்மாக்களும் சைகையிலேயே பேசிப் பழகி, முற்றத்தில் ஒரே கொடியில் துணி காயப்போட ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த மே மாதம் தெர்மாமீட்டரோடு மறுபடி போனேன். கூடம் பழையபடி குளிர்ச்சி. பின்கட்டு அறை பழைய கான்கிரீட் அறையைவிட மூன்று பாகை குறைவு, ஆனால் கூடத்தளவுக்கு வரவில்லை. மேல் தளத்தில் வெள்ளை டைல்ஸ் துண்டுகள் பதித்திருக்கிறோம், அவற்றில் புழுதி ஏறியிருக்கிறது, கழுவச் சொன்னேன். சுவரில் நான் போட்ட பென்சில் கோட்டின் மேல் பூச்சு ஏறிவிட்டது. ஆனால் அளவு என் குறிப்பில் இருக்கிறது. ஆறடியில் இருந்த ஈரம் இப்போது முழங்காலுக்குக் கீழே. ரேழிக் கதவோரம் ஒரு கையகல இடத்தில் மட்டும் இன்னும் உப்பு பூக்கிறது. அம்மா அதைத் தூரிகையால் தட்டி எடுத்து ஒரு முறத்தில் வைத்திருந்தார்கள், எனக்குக் காட்டுவதற்கு. அந்த இடத்தை வெயில் காலத்திலேயே சுரண்டிவிட்டோம். காய்ந்ததும் மேஸ்திரியிடம் பழகிய அந்தப் பையன் கையால் மறுபடி பூச வேண்டும்.